ரூஃபர் அனுப்பின ரசீதுல கையெழுத்து போடலாமா?

டல்லாஸ் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதின கடிதம் இது. பேரு, தெரு, கம்பெனி பேரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், தொகையையும் கொஞ்சம் மாத்தி ரவுண்டா போட்டிருக்கேன், ஆனா கணக்கு அதே மாதிரிதான் வரும்.

விஷயம் இதான். வசந்தத்துல பெரிய ஆலங்கட்டி மழை. ரெண்டாம் நாளே கூரை மாத்தற ஒரு ரூஃபிங் கம்பெனி ஆள் கதவ தட்டியிருக்கார். ஏற்கனவே அந்த ஏரியா தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல "நம்மாளுங்க நாலு பேர் வீட்டுக்கு செஞ்சாங்க, கையிலேர்ந்து ஒரு பைசா செலவில்ல"ன்னு அந்த கம்பெனி பேரு ஓடிட்டு இருந்ததால நம்பி மேல ஏற விட்டிருக்காங்க. அவர் ஏறி சாக்பீஸால வட்டம் வட்டமா போட்டு ஃபோட்டோ எடுத்துட்டு இறங்கி, "இன்சூரன்ஸ் கிட்ட நாங்களே பேசிக்கறோம், டிடக்டிபிளும் நாங்களே பாத்துக்கறோம்"னு சொல்லி டேப்லெட்ட நீட்ட, இவங்க கணவர் மட்டும் விரலால கையெழுத்து போட்டிருக்கார். (டிடக்டிபிள்னா, க்ளைம்ல இன்சூரன்ஸ் தராம நாமளே கையிலேர்ந்து கட்ட வேண்டிய பங்கு.) இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர், அதான் சேதத்த மதிப்பு போடற ஆள், வந்து பாத்தாச்சு, கூரைக்கு 27,000 டாலர்னு மதிப்பு போட்டாச்சு, ஒரே நாள்ல கூரையும் மாத்தியாச்சு. முதல் செக் 7,600 வந்து ரூஃபர் கைக்கு போயாச்சு. மிச்சம் 9,000 வரணும்னா டிடக்டிபிள் 10,400 கட்டினதுக்கு ஆதாரம் குடுங்கன்னு இன்சூரன்ஸ் கேக்குது. ரூஃபர் உடனே "10,400 முழுசா பெறப்பட்டது"ன்னு ஒரு ரசீது தயார் பண்ணி ஈ-சைனுக்கு அனுப்பிட்டார். இவங்க ஒரு டாலர்கூட குடுக்கல.

இந்த நேரத்துல மாநில இன்சூரன்ஸ் டிபார்ட்மென்ட்டோட எச்சரிக்கை ஒண்ணு இவங்க கண்ணுல பட்டிருக்கு, டிடக்டிபிள தள்ளுபடி பண்றது சட்ட விரோதம்னு. அதுலேர்ந்து தூக்கம் இல்லையாம். "அக்கா, இது எங்களத்தான் சொல்றாங்களா? புகார் பண்ணா எங்க பேரும் அவங்க வெப்சைட்ல வந்துடுமா? என் வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டு பெண்டிங். எல்லாரும் பண்றதுதானே, யாருக்கும் நஷ்டம் இல்லையே அக்கா, பேசாம கையெழுத்து போட்டுட்டு விட்டுடலாமா?" கடிதத்தோட சாரம் இதான்.

மொதல்ல ஒண்ணு மா. அந்த ஈ-சைன் லிங்க்க இன்னும் கிளிக் பண்ணலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிய படிச்சதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. இதுவரைக்கும் நடந்ததுல உங்க பக்கம் அலட்சியம் இருக்கு, அவசரம் இருக்கு, குரூப்ல சொன்னத அப்படியே நம்பின வெகுளித்தனம் இருக்கு. பொய்னு எதுவும் இல்ல, நீங்க சொன்னது முழுசா சரின்னா. அந்த ரசீதுல கையெழுத்து விழுந்து அது இன்சூரன்ஸுக்கு போச்சுன்னா கதையே வேற. அதுவரைக்கும் ரூஃபரோட தப்பு, அதுக்கப்புறம் உங்களோடதும்.

அந்த எச்சரிக்கை உங்களுக்கா வந்தது?

இல்ல. டெக்சஸ் இன்சூரன்ஸ் டிபார்ட்மென்ட், நாங்கல்லாம் டிடிஐன்னு சொல்வோம், அவங்க ஒவ்வொரு புயலுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் அப்புறம் கிட்டத்தட்ட இதே எச்சரிக்கைய போடுவாங்க. கதவ தட்டற ஆள் கிட்ட அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க, வெத்து காண்ட்ராக்ட்ல போடாதீங்க, ரெண்டு மூணு எஸ்டிமேட் வாங்குங்க, முழு பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க, டிடக்டிபிள் கட்ட வேண்டாம்னு சொல்றவர நம்பாதீங்க. உங்க வீட்டு கூரைய யாரும் டிரோன் விட்டு பாத்துட்டு எழுதல.

இந்த எச்சரிக்கைகள்ல எனக்கு ஒரு குறை உண்டு, பல வருஷமா சொல்லிட்டு இருக்கேன். எல்லாமே "மோசடிக்காரங்க ஜாக்கிரதை"ன்னு எழுதறாங்க. அத படிக்கற சாதாரண குடும்பம் மோசடிக்காரன்னா முகமூடி போட்ட எவனோன்னு நெனச்சுக்குது, சிரிச்ச முகத்தோட வந்து தண்ணி வாங்கி குடிச்சுட்டு போன ஆள் ஞாபகத்துக்கு வர்றதில்ல. இன்னும் முக்கியமா, வீட்டுக்காரங்களே எந்த நிமிஷத்துல அதுல பங்காளியா மாறுறாங்கன்னு தெளிவா சொல்ற எச்சரிக்கைய நான் அதிகம் பாத்ததில்ல. அந்த நிமிஷம் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு ரசீது, ஒரு கையெழுத்து, "சும்மா ஃபார்மாலிட்டிதான் சிஸ்டர்" அப்படிங்கற ஒரு டெக்ஸ்ட்.

இன்னொண்ணு, இன்சூரன்ஸ் ஆதாரம் கேட்டதால உங்க மேல சந்தேகப்படறாங்கன்னு எடுத்துக்காதீங்க. 2019 செப்டம்பர் 1லேர்ந்து டெக்சஸ்ல ஒரு சட்டம் அமல்ல இருக்கு. வீட்டு இன்சூரன்ஸ்ல டிடக்டிபிள பாலிசிதாரர் கட்டியே ஆகணும், பிடிச்சு வச்சிருக்கற மிச்ச தொகைய குடுக்கறதுக்கு முன்னாடி கட்டினதுக்கு நியாயமான ஆதாரம் கேக்கற உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இருக்கு. கேன்சல் ஆன செக், மணி ஆர்டர் ரசீது, கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், இல்லன்னா தவணைல முழுசா கட்டறதா ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்ட ஒப்பந்தம், இதுல எதுனாலும் சரி. அந்த கடைசி ஒண்ண ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரேன் அதுக்கு.

அதே சட்டப்படி, டிடக்டிபிள நான் கட்டறேன், வாங்காம விட்டுடறேன், ரிபேட் தரேன்னு விளம்பரம் பண்ற, வாக்கு குடுக்கற ரூஃபர் பண்றது கிளாஸ் பி மிஸ்டிமீனர்ங்கற சின்ன வகை குற்றம், 180 நாள் வரைக்கும் ஜெயில், 2,000 டாலர் வரைக்கும் அபராதம். 1,000 டாலருக்கு மேல போற இந்த மாதிரி காண்ட்ராக்ட்ல, டிடக்டிபிள் கட்டியே ஆகணும்ங்கற அறிவிப்பு தடிச்ச எழுத்துல இருந்தே ஆகணும். உங்க காண்ட்ராக்ட் பிடிஎஃப்ப திறந்து தேடிப் பாருங்க. இருந்தாலும் செய்தி, இல்லன்னாலும் செய்தி. இருக்குன்னா தெரிஞ்சே பண்ணியிருக்கார், இல்லன்னா காண்ட்ராக்ட்டே சட்டப்படி இல்ல.

"யாருக்கும் நஷ்டம் இல்லையே அக்கா"

இந்த வரிக்குத்தான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணப் போறேன், ஏன்னா குரூப்ல எல்லாரும் நம்பறது இதத்தான். கணக்கு போடுவோம். உங்க வீடு 520,000 டாலருக்கு இன்சூர் ஆகியிருக்கு, காத்து ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் 2 சதவீதம், அதான் 10,400. (நிறைய பேர் 2 சதவீதம்னா சேதத் தொகைல 2 சதவீதம்னு நெனச்சு 540 டாலர்தானேன்னு இருக்காங்க, அது வீட்டோட இன்சூரன்ஸ் மதிப்புல 2 சதவீதம் மா, பாலிசிய எடுத்து முதல் பக்கத்த பாருங்க எல்லாரும்.) கூரை 27,000. பழைய கூரைங்கறதால தேய்மானம் 9,000 கழிச்சாங்க, டிடக்டிபிள் 10,400 கழிச்சாங்க, மிச்சம் 7,600 முதல் செக். வேலைய முடிச்சு உண்மையிலேயே அவ்வளவு செலவாச்சுன்னு காட்டினா அந்த 9,000 தேய்மானத்த திருப்பித் தருவாங்க. ஆக இன்சூரன்ஸ் தர்றது மொத்தம் 16,600, நீங்க 10,400, கூட்டினா 27,000.

இப்ப ரூஃபர் உங்க 10,400 வேண்டாங்கறார். அப்படின்னா 16,600க்கு அவருக்கு கட்டுப்படி ஆகுது. கட்டுப்படி ஆகுதுன்னா கூரையோட உண்மையான விலை 16,600, 27,000 இல்ல. உண்மையான பில்லு 16,600ன்னு இன்சூரன்ஸுக்கு போயிருந்தா என்ன ஆகும்? 16,600ல டிடக்டிபிள் 10,400 போக 6,200. ஏற்கனவே 7,600 குடுத்துட்டாங்க. அப்ப அந்த 9,000 தர வேண்டிய அவசியமே இல்ல. ஓசின்னு நீங்க நெனச்சது பொய் பில்ல வச்சு வாங்கற 9,000, அது போய் சேர்றதும் உங்ககிட்ட இல்ல, ரூஃபர் கிட்ட. கையெழுத்து மட்டும் உங்களோடது. இல்ல 27,000தான் உண்மையான விலைன்னா அவர் 10,400க்கு எங்கயோ கை வச்சிருக்கார், அடியில போடற ஷீட்லயோ ஆணிலயோ ஃபிளாஷிங்லயோ, அது ரெண்டு மழைக்காலம் கழிச்சு அட்டிக்ல தெரியும்.

எல்லாரும் பண்றாங்கங்கறது நிஜம்தான், மறுக்கல. ஆனா ஊரோட ஒத்து வாழறது வேற, ஊரே போற பள்ளத்துல போய் விழறது வேற. நம்மாளுங்க குரூப்ல வர்ற பரிந்துரைய நாம அளவுக்கு மீறி நம்பறோம், மொழி ஒண்ணா இருந்தா கணக்கும் ஒண்ணா இருக்கும்னு ஒரு நெனப்பு. பரிந்துரை பண்ற ஆளுக்கு ரெஃபரல் காசு போகுதான்னு ஒருத்தராவது கேட்டிருக்கோமா?

கையெழுத்து போட்டா என்ன ரிஸ்க்

டெக்சஸ் பீனல் கோட்ல 35வது அத்தியாயம் முழுக்க இன்சூரன்ஸ் மோசடி பத்திதான். ஏமாத்தற நோக்கத்தோட, பொய்னு தெரிஞ்சே, க்ளைம் சம்பந்தமா ஒரு ஆவணத்த குடுக்கறது, இல்ல குடுக்க வைக்கறது குற்றம். தண்டனை தொகைய பொறுத்து ஏறும். 2,500லேர்ந்து 30,000 டாலருக்குள்ளன்னா ஸ்டேட் ஜெயில் ஃபெலனிங்கற பெரிய வகை குற்றம், 180 நாள்லேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும், 10,000 வரைக்கும் அபராதமும் போடலாம். உங்க 9,000 எங்க விழுதுன்னு பாத்துக்கோங்க. நிஜத்துல ஒரு ரசீதுக்காக ஒரு குடும்பத்த ஜெயில்ல போடுவாங்களான்னா, பெரும்பாலும் மாட்டாங்க, வக்கீலா நான் அத சொல்லியாகணும், பயமுறுத்தறதுக்காக பெருசு பண்ண மாட்டேன். ஆனா இந்த மாதிரி ரூஃபர் மாட்டும்போது ஒரு வீட்டு ஃபைலோட மாட்டறதில்ல, ஐம்பது வீட்டு ஃபைலோட மாட்டுவார். ஒரே எழுத்துருல, ஒரே வாசகத்துல ஐம்பது ரசீது, ஒவ்வொண்ணுலயும் ஒரு வீட்டுக்காரர் கையெழுத்து. அப்ப விசாரணை அதிகாரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டு கேக்கற முதல் கேள்வி "இந்த பணத்த எந்த அக்கவுன்ட்லேர்ந்து குடுத்தீங்க?"ன்னுதான் இருக்கும்.

கிரீன் கார்டு விஷயத்துக்கு வரேன். மோசடி நோக்கம் உள்ள குற்றங்கள இமிக்ரேஷன் சட்டத்துல ஒழுக்கக்கேடான குற்றம்ங்கற வகைல வைப்பாங்க, 1951லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன விஷயம் அது. அமெரிக்காலயே பொறந்தவங்களுக்கு அபராதத்தோட போற ஒரு கேஸு, உங்க வீட்டுக்காரருக்கு ஸ்டேட்டஸையே ஆட்டிடும். புகார் குடுத்தா கிரீன் கார்டு பாதிக்குமான்னு கேட்டீங்க, அது தலைகீழ் பயம் மா. புகார் குடுக்கறது பாதிக்காது, அந்த ரசீதுதான் பாதிக்கும். இருந்தாலும் ஒரு இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட ஒரு அரை மணி நேரம் பேசிடுங்க, இதுல நான் கடைசி வார்த்தை கிடையாது.

சரி, என்ன பண்ணலாம்

கடுப்பா இருக்கும், தெரியும். ஆனா நேர் வழி, டிடக்டிபிள நிஜமாவே கட்டறது. மொத்தமா முடியலன்னா மேல சொன்னேனே, தவணை ஒப்பந்தம், அத கேளுங்க. முழு 10,400ஐயும் மாசம் இவ்வளவுன்னு கட்டறதா எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து போட்டா அதுவே சட்டத்துல ஆதாரமா சொல்லியிருக்கற ஒண்ணு. ஆனா எழுதினா கட்டணும், மாசா மாசம், உங்க பேங்க்லேர்ந்து, தடம் தெரியற மாதிரி. கட்டின மாதிரி கட்டி பின்னாடி கேஷா, கிஃப்ட் கார்டா, உங்க புல்வெளில அவங்க போர்டு நட்டதுக்கு "விளம்பரக் கட்டணம்"னு திருப்பி வாங்கறது எல்லாம் அதே சட்டத்துக்குள்ள வந்துடும், அந்த பேச்சு வந்தா எழுந்திரிச்சு வந்துடுங்க.

ரூஃபருக்கு ஈமெயில் போடுங்க, ஃபோன்ல பேசாதீங்க. "நாங்க இந்த தொகைய இன்னும் கட்டல, அதனால இந்த ரசீதுல கையெழுத்து போட மாட்டோம், எங்க சார்பா இத யாருக்கும் அனுப்பவும் கூடாது, டிடக்டிபிள தவணைல கட்டற ஒப்பந்தம் அனுப்புங்க." இவ்வளவு போதும், திட்ட வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். அதோட, இன்சூரன்ஸுக்கு ரூஃபர் இதுவரைக்கும் என்னென்ன அனுப்பியிருக்காரோ எல்லாத்தோட காப்பியும் வேணும்னு கேளுங்க. இது ஏன்னா, சப்ளிமெண்ட்னு ஒண்ணு இருக்கு, அட்ஜஸ்டர் விட்டுட்டார்னு ரூஃபர் பின்னாடி சேத்து அனுப்பற ஐட்டங்கள். உங்க வீட்ல மாத்தாத கட்டர மாத்தினதா அதுல போட்டிருந்தா அதையும் இப்பவே தெரிஞ்சுக்கணும். இன்சூரன்ஸ் கிட்டயும் க்ளைம் ஃபைல்ல உங்க பேர்ல என்ன வந்திருக்குன்னு கேளுங்க, ஏன்னா அந்த ரசீத நீங்க போடலன்னா வேற யாராவது போட்டு அனுப்பின கதையும் நான் பாத்திருக்கேன்.

அப்புறம் இந்த "நாங்களே இன்சூரன்ஸ் கிட்ட பேசிக்கறோம்" விஷயம். இதுல உங்களுக்கு ஒரு பிடி இருக்கலாம். டெக்சஸ்ல ரூஃபருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. "லைசென்ஸ் இருக்குன்னு சொன்னாரே"ன்னு எழுதியிருக்கீங்க, அது ஏதாவது சங்கத்தோட சான்றிதழா இருக்கும், மாநிலம் குடுத்தது இல்ல. ஆனா உங்க சார்பா க்ளைம பேரம் பேசற வேலைக்கு லைசென்ஸ் உண்டு, பப்ளிக் அட்ஜஸ்டர்னு பேரு, டிடிஐ குடுக்கறது. கூரை போடற ஆளே அந்த கூரைக்கு பப்ளிக் அட்ஜஸ்டரா இருக்கவும் கூடாது. ஒரு ரூஃபிங் கம்பெனி இந்த தடை பேச்சு சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு டிடிஐ மேல கேஸ் போட்டு டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2024 ஜூன்ல கோர்ட் டிடிஐ பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. லைசென்ஸ் இல்லாம அந்த வேலைய பண்ணா அந்த காண்ட்ராக்ட்ட ரத்து பண்ற உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. உடனே குதிச்சுடாதீங்க. அளவு, விலை, என்ன வேலைன்னு அட்ஜஸ்டர் கிட்ட ரூஃபர் பேசறது தப்பில்ல. க்ளைம்ல எது கவராகும், எவ்வளவு தரணும்னு உங்க சார்பா பேரம் பேசினாதான் தப்பு. உங்க காண்ட்ராக்ட்ல என்ன வாசகம் இருக்குங்கறதுதான் முக்கியம், அத ஒரு உள்ளூர் வக்கீல் கிட்ட காட்டுங்க.

கையெழுத்து போடலன்னா வீட்டு மேல லீன் (பாக்கிக்காக வீட்டு மேல பதியற உரிமை) போடுவேன்னு ரூஃபர் மிரட்டலாம், மிரட்டுவார்னே வச்சுக்கோங்க. டெக்சஸ்ல நீங்க குடியிருக்கற வீட்டு மேல லீன் நிக்கணும்னா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும், கல்யாணம் ஆனவங்கன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போட்டிருக்கணும், கவுன்ட்டி கிளர்க் கிட்ட பதிவும் பண்ணியிருக்கணும். உங்க வீட்ல அவர் மட்டும்தானே விரல்ல போட்டார்? அன்னிக்கு உங்கள கேக்காம போட்டார்னு சண்டை போட்டதா எழுதியிருக்கீங்க, இன்னிக்கு அதுவே ஒரு பாதுகாப்பா இருக்கலாம்னு அவர்கிட்ட சொல்லாதீங்க, அடுத்த தடவையும் அப்படியே போடுவார்.

புகார் எங்க போகும், யார் பேர் வெளிய வரும்

இங்க இன்சூரன்ஸ்க்குன்னு வாஷிங்டன்ல ஒரு போலீஸ் கிடையாது. 1945ல வந்த மெக்கேரன்-ஃபர்கூசன் சட்டத்துலேர்ந்து இன்சூரன்ஸ மாநிலங்கள்தான் கண்காணிக்குது, ஒவ்வொண்ணும் தனித்தனியா. என்ஏஐசின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, 1871லேர்ந்து இருக்கு, அது அரசு இலாகா இல்ல, மாநில கமிஷனர்கள் சேர்ந்து வச்சிருக்கற சங்கம். அவங்க வெப்சைட்ல ஒரு கம்பெனி மேல எத்தன புகார்னு பாக்கலாம், மோசடிய ஆன்லைன்ல தெரிவிக்கவும் வழி இருக்கு, அது அந்தந்த மாநிலத்துக்கு போயிடும்.

டிடிஐல ரெண்டு கதவு இருக்கு, நிறைய பேர் தப்பான கதவுல போய் நிப்பாங்க. ஒண்ணு புகார், இன்சூரன்ஸ் கம்பெனி இல்ல ஏஜென்ட் மேல. இத போட்டா அவங்க கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கி உங்களுக்கு சொல்வாங்க. ஆதாரம் எல்லாம் குடுத்தப்புறமும் இன்சூரன்ஸ் இழுத்தடிச்சா இந்த கதவு. கேட்ட எல்லாம் கைக்கு வந்த 15 வேலை நாளுக்குள்ள பொதுவா அவங்க ஆமா இல்லன்னு சொல்லணும், தரோம்னு சொன்ன 5 வேலை நாளுக்குள்ள பணம் தரணும். இன்னொண்ணு மோசடி தகவல், அது ஃபிராட் யூனிட்டுக்கு போகும். அங்க குடுத்தா பதில் எதிர்பாக்காதீங்க, உங்க 9,000ஐ வாங்கிக் குடுக்கறதும் அவங்க வேலை இல்ல. கேஸா எடுத்தாதான் கூப்பிடுவாங்க. கெட்ட எண்ணம் இல்லாம தகவல் குடுத்தவங்கள வழக்குலேர்ந்து காப்பாத்த சட்டத்துல இடம் இருக்கு, விசாரணைக்கு தேவைப்படற காலம் வரைக்கும் அந்த ஃபைல் பொது ஆவணமும் கிடையாது. கூரை வேலையோட தரம் மோசம்னா அது ரெண்டு கதவுலயும் வராது, அது அட்டர்னி ஜெனரலோட நுகர்வோர் பிரிவு.

பேர் வருமான்னு கேட்டீங்க. டிபார்ட்மென்ட் பேர் போட்டு வெளியிடறது பெரும்பாலும் அவங்க நடவடிக்கை எடுத்த ஆளுங்களது, லைசென்ஸ் பறிச்ச ஏஜென்ட், லைசென்ஸ் இல்லாம வேலை பாத்தவர் மேல போட்ட ஆர்டர், கைது, தண்டனை. தகவல் குடுத்தவங்க பட்டியல்னு ஒண்ணு கிடையாது. சொல்லப்போனா அந்த ஆர்டர் பக்கத்துல உங்க ரூஃபர் கம்பெனி பேரையும் முதலாளி பேரையும் தேடிப் பாருங்க, கையெழுத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும், பரவால்ல.

நீங்க கடிதத்துல ஒரு நம்பர் போட்டிருந்தீங்க, வருஷத்துக்கு 308.6 பில்லியன் டாலர் மோசடின்னு அரசாங்கம் சொல்லுதுன்னு. அது அரசாங்கம் சொன்னது இல்ல, மோசடிக்கு எதிரான ஒரு கூட்டமைப்பு 2022ல போட்ட மதிப்பீடு, ஹெல்த் இன்சூரன்ஸ், மெடிகேர் எல்லாம் சேத்து. மாநிலங்கள் வெளியிடற அறிக்கை வேற மாதிரி இருக்கும். நியூயார்க்ல ஒவ்வொரு மார்ச் 15க்குள்ளயும் கவர்னருக்கும் சட்டசபைக்கும் அறிக்கை குடுக்கணும், எத்தன தகவல் வந்துச்சு, எத்தன கேஸ் திறந்தாங்க, எத்தன கைதுன்னு. அத படிச்சா ஒண்ணு புரியும், வர்ற தகவல் மலையளவு, கைது கையளவு. தகவல்ங்கறது சந்தேகம் மட்டும்தான், இன்சூரன்ஸ் கம்பெனிகள் சந்தேகப்பட்டா தெரிவிச்சே ஆகணும்னு சட்டம் இருக்கறதால எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும். அந்த நம்பர பாத்து நாடே திருட்டு நாடுன்னும் நெனைக்க வேண்டாம், கைது கம்மியா இருக்குன்னு தைரியமும் வர வேண்டாம்.

டிபார்ட்மென்ட் பத்திரிகைக்கு குடுக்கற கேஸ்கள் இன்னும் விசேஷம். 2024 நவம்பர்ல கலிஃபோர்னியா இன்சூரன்ஸ் டிபார்ட்மென்ட் நாலு பேர கைது பண்ணினதா அறிவிச்சாங்க, ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள்ள கரடி புகுந்து நாசம் பண்ணிடுச்சுன்னு வீடியோவோட க்ளைம் போட்டவங்க. வனவிலங்கு இலாகா உயிரியலாளர் வீடியோவ பாத்துட்டு இது கரடி இல்ல, கரடி வேஷம் போட்ட மனுஷன்னு சொல்லிட்டார், வீட்ல சோதனை போட்டா கரடி டிரெஸ்ஸே கிடைச்சுது. மூணு காருக்கு சேத்து 141,839 டாலர். உலகமே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஆனா அந்த மாதிரி செய்தியால ஒரு கெடுதல் உண்டு, மோசடின்னா கரடி வேஷம்னு மனசுல பதிஞ்சுடுது, டேப்லெட்ல வர்ற ரசீது மோசடியாவே தெரியறதில்ல.

நீங்க புகார் பண்ணியே ஆகணுமான்னா, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இருக்கற மாதிரி கட்டாயம் உங்களுக்கு இல்ல. என் யோசனை, ரூஃபர் தவணை ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டா அத முடிச்சுட்டு, அவர் அனுப்பின பழைய ரசீதையும் டெக்ஸ்ட்டையும் பத்திரமா வச்சுக்கோங்க, அழிக்காதீங்க. ஒத்துக்காம மிரட்டினாலோ, உங்க பேர்ல அவரே கையெழுத்து போட்டு அனுப்பியிருந்தாலோ அன்னிக்கே ஒரு வக்கீல பிடிங்க, அவரோட சேந்து இன்சூரன்ஸுக்கும் ஃபிராட் யூனிட்டுக்கும் எழுத்துல குடுங்க. முன்னாடி போய் சொன்னவங்களுக்கும் கண்டுபிடிக்கப்பட்டவங்களுக்கும் மரியாதை வேற வேற. பொதுவா எதுனாலும் சந்தேகம்னா டிடிஐ ஹெல்ப்லைன் 800-252-3439, பேசறதுக்கு காசு இல்ல. பாலிசில அந்த 9,000ஐ கேக்க ஒரு கெடுவும் இருக்கும், அதையும் பாத்து வைங்க, சண்டைல அது தாண்டிடக் கூடாது.

கடைசியா, குரூப்ல அந்த கம்பெனி பேர போட்டு எல்லாரையும் எச்சரிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. இப்ப வேண்டாம். திருடன்னு எழுதினா நாளைக்கு உங்க மேல அவதூறு நோட்டீஸ் வரும். டிடிஐயோட டிடக்டிபிள் பக்கத்த மட்டும் ஷேர் பண்ணிட்டு, "நான் கட்டாத பணத்துக்கு ரசீதுல கையெழுத்து கேட்டாங்க, நான் போடல"ன்னு நடந்தத மட்டும் ஒரு வரி போடுங்க. அதே ரசீதோட முழிச்சுக்கிட்டு இருக்கற இன்னும் ரெண்டு பேர் ராத்திரி உங்களுக்கு தனியா மெசேஜ் பண்ணுவாங்க பாருங்க. அவங்களையும் கையெழுத்து போட வேண்டாம்னு சொல்லுங்க.